எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா: விரைவுக் கணிதப் பிரிவின் தரத்தை எங்கே தேடுவது?

அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் பொதுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளை, அடுத்த ஆண்டு ‘ஆக்சிலரேட்டட் மேத்’ என்னும் விரைவுக் கணிதப் பிரிவில் சேர்க்க விருப்பமா என்று பள்ளி கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நகரப் பொதுப் பள்ளிகளில் அந்தப் பிரிவு உண்மையிலேயே தரமாக நடக்கிறதா, பெயரளவில் நடக்கிறதா என்பதே உங்கள் கேள்வி. அத்தகைய பள்ளிகளில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன்: தரம் மாவட்டத்துக்கு மாவட்டம் (இங்கே மாவட்டம் என்பது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) மட்டுமன்றி, ஒரே பள்ளிக்குள் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அல்ஜீப்ரா 1 என்னும் முதல் இயற்கணிதப் பாடம் முடிந்துவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை முடிப்பதற்காக இடையில் எந்தப் பாடம் சுருங்குகிறது, எது காணாமல் போகிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. பிரிவின் தரம் அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது.

நம் ஊரில் படித்த பெற்றோருக்கு இந்தப் பதற்றம் சற்று விநோதமாகத் தோன்றக்கூடும். அங்கே இயற்கணிதமும் வடிவியலும் வாழ்வியல் கணிதமும் ஒரே பாடநூலுக்குள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கின்றன. அல்ஜீப்ரா என்று தனியாக ஓர் ஆண்டு கிடையாது. அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளிகளில் அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரிகால்குலஸ், கால்குலஸ் (நுண்கணிதம்) என்று ஐந்து படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உயர்நிலைப் பள்ளிக்கோ நான்கே ஆண்டுகள். எனவே பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் எடுக்க விரும்பும் மாணவர், முதல் படியை எட்டாம் வகுப்பிலேயே ஏறிவிட வேண்டும். இல்லையெனில் பின்னால் ஏதோ ஓர் ஆண்டில் இரண்டு படிகளைச் சேர்த்து ஏற வேண்டும். பொறியியலும் அறிவியலும் படிக்க எண்ணும் குடும்பங்கள் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கணிதப் பிரிவைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

விரைவுப்படுத்துவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. ஏழு, எட்டாம் வகுப்புப் பாடங்களையும் அல்ஜீப்ரா 1-ஐயும் சேர்த்து, மூன்றாண்டுப் பாடத்தை இரண்டாண்டுகளில் நெருக்கமாகக் கற்பிப்பது ஒன்று. எட்டாம் வகுப்புப் பாடத்தை அப்படியே தாண்டி நேராக அல்ஜீப்ராவில் கால் வைப்பது மற்றொன்று. எந்த வகுப்பில் எதைக் கற்க வேண்டும் என்று வகுத்து 2010-இல் வெளிவந்த காமன் கோர் என்னும் பொதுப் பாடத்தரம், அதைப் பின்பற்றும் மாநிலங்களில் எட்டாம் வகுப்புப் பாடத்தின் எடையைக் கூட்டிவிட்டது. சாய்வு, நேரியல் சமன்பாடுகள், இரு சமன்பாடுகளை ஒருங்கே தீர்த்தல், சார்பு என்னும் கருத்து, பிதாகரஸ் தேற்றம் எல்லாம் இப்போது அங்கேதான் இருக்கின்றன. பழைய அல்ஜீப்ராப் புத்தகத்தின் முதல் பாதி ஏறத்தாழ எட்டாம் வகுப்புக்கு இறங்கிவிட்டதால், அந்த ஆண்டைத் தாண்டிக் குதிக்கும் குழந்தை திரும்பப் படிக்கும் பாடத்தைத் தாண்டுவதில்லை. புதிய பாடத்தையே இழக்கிறது. அந்தப் பாடத்தரத்தின் பின்னிணைப்பே, விரைவுப்படுத்துவதானால் எதையும் விடாமல் நெருக்கித்தான் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அப்படி நெருக்கும்போது முதலில் நசுங்குவது எது என்பதை என் வகுப்புகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பின் விகிதமும் விகிதசமமும்தான். வெளியில் எளிதாகத் தெரியும் பகுதி என்பதால் ஆசிரியர் மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறார். குழந்தைகளும் குறுக்கே பெருக்கும் விதியைக் கற்றுக்கொண்டு சரியான விடை எழுதிவிடுகிறார்கள். ஓராண்டு கழித்து (0, 3), (4, 9) என்னும் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வைக் கேட்டால், ஆறின் கீழ் நான்கு என்று எழுதி மூன்றின் கீழ் இரண்டு என்று சுருக்கவும் செய்கிறார்கள். ஆனால் கிடைமட்டமாக ஓர் அலகு நகர்ந்தால் கோடு எவ்வளவு உயர்கிறது என்று கேட்கும்போது வகுப்பு அமைதியாகிவிடுகிறது. மூன்றின் கீழ் இரண்டு என்பது ஒன்றரை என்னும் ஒற்றை அளவாக, ஒரு வீதமாக, அவர்கள் மனத்தில் அமரவே இல்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று இரண்டு தனி எண்களாகவே நிற்கிறது. அந்தக் குழந்தைக்கு அல்ஜீப்ரா முழுவதும் குறிகளின் சடங்காகிவிடும். மதிப்பெண் அட்டையில் இது உடனே தெரியாது. ஜியாமெட்ரியைத் தாண்டி அல்ஜீப்ரா 2-இல் அவள் திணறும்போதுதான் தெரியவரும். அப்போது கணக்கு தனக்கு வராது என்று அவளே முடிவுகட்டியிருப்பாள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

நகரப் பள்ளிகளில் எதிரெதிரான இரண்டு தவறுகள் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ஆயத்தமான குழந்தைக்கு அந்த வகுப்பே கிடைப்பதில்லை. ஆயத்தமில்லாத குழந்தை அதில் உட்கார வைக்கப்படுகிறது.

இரண்டாவது தவறைக் கலிஃபோர்னியா மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 1997-இல் அந்த மாநிலம் வகுத்த பாடத்தரம் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ராவை எதிர்பார்த்தது. 1999-இல் எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ 16 சதவீதத்தினர் அல்ஜீப்ரா படித்தார்கள். 2012 வாக்கில் அது ஐந்தில் மூன்று பங்காக உயர்ந்துவிட்டது. சமத்துவம் என்னும் நல்ல நோக்கம் அதன் பின்னால் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் மாவட்டங்களின் தரவை ஆராய்ந்த கல்வியாளர்கள், சேர்க்கை உயர்ந்த இடங்களில் பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண் கூடவில்லை என்றும், பெரிய மாவட்டங்களில் அது குறைந்தது என்றும் கண்டார்கள். வட கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் மாவட்டமும் சில ஆண்டுகள் அல்ஜீப்ராவை அவசரமாகக் கீழ்வகுப்புக்குக் கொண்டுவந்து, பிறகு பின்வாங்கியது. அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களை ஒப்பிட அது இயல்பான வாய்ப்பாக அமைந்தது. சார்லஸ் க்ளாட்ஃபெல்டர், ஹெலன் லாட், ஜேக்கப் விக்டர் ஆகிய ஆய்வாளர் மூவரும் செய்த அந்த ஒப்பீட்டில், விரைவுபடுத்தப்பட்ட நடுத்தர, பின்தங்கிய மாணவர்கள் அல்ஜீப்ராத் தேர்விலும் அதற்குப் பின்வந்த பாடங்களிலும் மற்றவர்களைவிடப் பின்னடைந்ததாகத் தெரிந்தது. 2008-இல் கல்வி ஆய்வாளர் டாம் லவ்லெஸ் எழுதிய புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவன அறிக்கை, நாடெங்கும் ஏறத்தாழ 1,20,000 எட்டாம் வகுப்பு மாணவர்கள் மேல்நிலைக் கணித வகுப்பில் இருந்துகொண்டே தேசியத் தேர்வில் அடிமட்டப் பத்து சதவீதத்துக்குள் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. அவர்களில் பலர் பெருநகரப் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகள். பின்னங்களைக் கூட்டத் தடுமாறும் குழந்தையின் கையில் அல்ஜீப்ராப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வாய்ப்பு வழங்கிவிட்டோம் என்று மாவட்டம் கணக்குக் காட்டுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதைக் கேட்டு, அப்படியானால் அல்ஜீப்ராவை ஒன்பதாம் வகுப்புக்கே தள்ளிவிடலாமே என்று தோன்றலாம். சான்ஃபிரான்சிஸ்கோ மாவட்டம் அதைத்தான் செய்தது. 2014 முதல் நடுநிலைப் பள்ளிகளில் அல்ஜீப்ரா 1 நிறுத்தப்பட்டு, எல்லா மாணவரும் ஒரே வகுப்பில், ஒரே வேகத்தில் கற்க வேண்டும் என்றானது. அல்ஜீப்ராவைத் திரும்பப் படிக்க நேர்ந்தோரின் விகிதம் 40 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று மாவட்டம் பெருமையாகச் சொன்னது; தேர்ச்சி விதியே இடையில் மாற்றப்பட்டதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை என்று விமர்சகர்கள் பதில் சொன்னார்கள். பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடத்தேர்வுத் தரவை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. கணிதப் பாடங்களில் சேர்வோர் எண்ணிக்கை முதலில் சரிந்ததும், அந்தப் பாடங்களில் நிலவிய இன இடைவெளி அப்படியே நீடித்ததும் தெரியவந்தன. வசதியுள்ள குடும்பங்கள் கட்டணம் செலுத்தி இணையத்தில் அல்ஜீப்ரா படிக்க வைத்தன, அல்லது தனியார் பள்ளிக்கு மாறின. வசதியற்ற குழந்தைக்குப் பொதுப் பள்ளி ஒன்றே வழியாக இருந்தது. அந்த வழியைத்தான் மாவட்டம் அடைத்தது. 2024 பிப்ரவரியில் கல்விக் குழு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர வாக்களித்தது. அடுத்த மாதமே நகர வாக்காளர்களில் ஐந்தில் நால்வர் அதே கோரிக்கையை ஆதரித்தார்கள். அதன் பிறகு சில பள்ளிகளில் எல்லா மாணவர்க்கும் அல்ஜீப்ரா, வேறு சிலவற்றில் எட்டாம் வகுப்புக் கணிதத்தோடு அல்ஜீப்ராவும் கூடுதல் பாடமாக, என்று வெவ்வேறு முறைகளைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டாவது முறை நேரத்தைக் கூட்டுகிறது, எதையும் தாண்டுவதில்லை. ஆகவே என் மதிப்பில் அதுவே சிறந்தது. அதற்காக மாணவர் ஓர் இசை வகுப்பையோ மொழி வகுப்பையோ விட நேரும் என்பதும் உண்மை.

நேரம் என்பதைப் பற்றி இன்னொரு செய்தி. சிகாகோ 2003 முதல், எட்டாம் வகுப்புத் தேர்வில் சராசரிக்குக் கீழே இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அல்ஜீப்ராவை நாள்தோறும் இரண்டு பாடவேளை கற்பித்தது. பின்னாளில் அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளி நிறைவிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் முன்னேற்றம் கண்டார்கள். இது நடுநிலைப் பள்ளியின் கதை இல்லைதான். ஆனாலும் மூன்றாண்டுப் பாடத்தை இரண்டாண்டுகளில் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையிலேயே முடிப்போம் என்று ஒரு பள்ளி சொன்னால், எங்கிருந்து நேரம் எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்க இது உங்களுக்கு நல்ல ஆதாரம்.

யாரைச் சேர்ப்பது என்னும் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் அந்தக் கதவு ஆசிரியர் பரிந்துரையிலும் பெற்றோரின் வற்புறுத்தலிலும் திறக்கிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் குழந்தையும், ஆங்கிலம் இன்னும் பழகாத குழந்தையும், இரண்டு வேலை பார்ப்பதால் பள்ளிக்கு வர முடியாத தாயின் குழந்தையும் வெளியே நின்றுவிடுகிறார்கள். வட கரோலினாவின் வேக் மாவட்டம் 2010 வாக்கில் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு, பழைய தேர்வு மதிப்பெண்களிலிருந்து அல்ஜீப்ராவில் தேறும் வாய்ப்பைக் கணித்து, அது 70 சதவீதத்துக்கு மேலிருந்தால் விரைவுப் பிரிவில் இடம் என்று வைத்தது. வருமானத்துக்கும் இனத்துக்கும் பிரிவுக்கும் இருந்த பிணைப்பு அதனால் தளர்ந்தது. டெக்சஸ் 2023-இல் இயற்றிய சட்டம், ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களை ஆறாம் வகுப்பில் தானாகவே மேல்நிலைப் பிரிவில் சேர்க்கச் சொல்கிறது. வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். டாலஸ் மாவட்டம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இவ்வழியைத் தொடங்கியிருந்தது. கேட்பவர்க்கே கிடைக்கும் என்னும் முறையைவிட, மறுக்காதவர்க்கெல்லாம் கிடைக்கும் என்னும் முறை நேர்மையானது. ஆனால் கதவு அகலமான பின் வகுப்பறைக்குள் நடப்பது மாறாவிட்டால், கலிஃபோர்னியாவில் நடந்ததே திரும்ப நடக்கும்.

வகுப்பறைக்குள் நடப்பதில் பெரும்பங்கு ஆசிரியருடையது. சிகாகோவின் பொதுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை எட்டாம் வகுப்பு வரை நீள்கின்றன. அங்கே கணிதம் கற்பிப்பவர் எல்லாப் பாடங்களுக்குமான பொது உரிமம் பெற்றவராக இருப்பது வழக்கமாக இருந்தது. கணிதத்தை ஆழமாகப் படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. இதை உணர்ந்த அந்நகரம் 2000-களின் தொடக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆசிரியர்களைச் சிகாகோ பல்கலைக்கழகம், டீபால் பல்கலைக்கழகம், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் ஆகியவற்றில் அல்ஜீப்ரா படிக்க வைத்து, தகுதித் தேர்வில் தேறியவரையே எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு அமர்த்தியது. மாணவரும் இறுதித் தேர்வில் தேறினால்தான் அந்தப் பாடம் உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் சேரும். நியூயார்க் நகரமும் 2015-இல் எல்லோருக்கும் அல்ஜீப்ரா என்ற திட்டத்தை அறிவித்தபோது, ஐந்தாம் வகுப்பிலிருந்தே கணிதத்துக்குத் தனி ஆசிரியர் என்பதை அதன் ஒரு கூறாக வைத்தது. அல்ஜீப்ராவின் தரத்தை ஐந்தாம் வகுப்பிலிருந்து கட்டத் தொடங்கியது சரியான பார்வை.

இறுதித் தேர்வு என்றேன். அதிலும் எச்சரிக்கை வேண்டும். நியூயார்க் மாநிலம் நடத்தும் ரீஜென்ட்ஸ் என்னும் அல்ஜீப்ராத் தேர்வில் பல ஆண்டுகளாக மொத்தம் 86 மூல மதிப்பெண்கள் இருந்தன. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெற்றாலே 100-க்கு என்று அளவு மாற்றிய பின் தேர்ச்சிக்குரிய 65 கிடைத்துவிடும். ஆகவே எங்கள் எட்டாம் வகுப்பில் அத்தனை பேரும் ரீஜென்ட்ஸ் தேறினார்கள் என்று ஒரு பள்ளி சொன்னால், எத்தனை பேர் 80-க்கு மேல் பெற்றார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு ஜியாமெட்ரியில் நிலைத்தார்கள் என்று மேலும் ஒரு படி கேட்க வேண்டும்.

நல்ல விரைவுக் கற்பித்தல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பாப் மோசஸ். 1960-களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யத் திரட்டிய அதே மனிதர், 1982-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தம் மகளின் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா இல்லை என்பதைக் கண்டு, பள்ளிக்கே சென்று அவளுக்கும் அவளுடைய தோழர் சிலருக்கும் கற்பிக்கத் தொடங்கினார். அல்ஜீப்ரா புராஜெக்ட் என்னும் கற்பித்தல் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அல்ஜீப்ராவை அவர் குடியுரிமையின் தொடர்ச்சியாகவே பார்த்தார். குறை எண்களைக் கற்பிக்க அவர் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பாஸ்டன் பகுதியின் ரெட் லைன் சுரங்க ரயிலில் அழைத்துச் சென்றார். முதலில் பயணம், பிறகு அதைப் படமாக வரைதல், பிறகு தம் வீட்டு மொழியிலேயே விவரித்தல், அதன்பின் எத்தனை நிறுத்தம், எந்தத் திசை என்னும் கூறுகளை மட்டும் பிரித்துச் சொல்லுதல், கடைசியில்தான் குறியீடு. பயணம் செய்து பார்த்த குழந்தைக்கு மூன்று குறைவு என்பது வலமிருந்து இடமாக மூன்று நிறுத்தம் என்று உடம்பிலேயே தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் இது மெதுவான முறை. ஆனால் ஒருமுறை இப்படிக் கட்டிய கருத்தைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை என்பதால் பின்வரும் மாதங்களில் வகுப்பு உண்மையிலேயே விரைகிறது. வேகம் அடித்தளத்திலிருந்து வருவதை நான் இவரிடம்தான் கற்றேன்.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கணிதத் துறைப் பொறுப்பாளரைச் சந்தித்து, ஏழாம் வகுப்பு விகிதசமத்துக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிதாகரஸ், இரு சமன்பாடுகளை ஒருங்கே தீர்த்தல் ஆகியவை எந்த மாதம் வருகின்றன என்றும் கேளுங்கள். பாடத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்பவர் பிரிவைத் திட்டமிட்டு நடத்துகிறார். கெட்டிக்காரக் குழந்தைகள் அதைத் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்பவர் அதைத் தாண்டிச் செல்கிறார். ஆசிரியர் இந்தப் பாடத்தை எத்தனை ஆண்டு நடத்தியிருக்கிறார், இடையில் திணறும் மாணவருக்கு உதவிப் பாடவேளை உண்டா, அல்லது பிரிவிலிருந்து வெளியேற்றுவதே ஒரே வழியா என்பவையும் முக்கியம். முடிந்தால் ஒரு பாடவேளை பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். தவறான விடை சொன்ன குழந்தையிடம் எப்படி யோசித்தாய் என்று ஆசிரியர் கேட்கிறாரா, சரியான விடைக்காக அடுத்த குழந்தையிடம் தாவுகிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீட்டிலும் அவள் ஆயத்தத்தைச் சோதிக்கலாம். 100 டாலர் சட்டையின் விலை 20 சதவீதம் ஏறி, ஏறிய விலையிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். 96 என்று கண்டுபிடிப்பதோடு, ஏன் பழைய 100-க்கே திரும்பவில்லை என்று தன் சொற்களில் விளக்க முடிந்தால் நல்ல அடித்தளம் இருக்கிறது. அதேபோல், ஏறியவுடன் 5 டாலரும் பிறகு மைலுக்கு 2 டாலரும் வாங்கும் டாக்சிக்கு எத்தனை மைலுக்கு 31 டாலர் ஆகும் என்று கேட்டு, அவள் எந்த வழியில் 13-ஐ அடைகிறாள் என்று பாருங்கள். எக்ஸ் போடாமல் பின்னோக்கி யோசித்து அடைந்தாலும் மகிழ்ச்சி அடையுங்கள். அல்ஜீப்ராவின் வேர் அதுதான். தடுமாறினால், இந்தக் கோடையில் அல்ஜீப்ராவை முன்கூட்டியே கற்பிக்கும் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதைவிட, பின்னங்களிலும் விகிதங்களிலும் நாளுக்கு இருபது நிமிடம் அவளோடு அமர்வது பெரும் பயன் தரும்.

பிரிவு சரியில்லை என்று தோன்றினால் மறுப்பதற்கு அஞ்ச வேண்டாம். பல மாவட்டங்களில் ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் ஒரே ஆண்டில் எடுக்க அனுமதி உண்டு. இரண்டும் பெரிதும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் ஆயத்தமான மாணவரால் அது முடிகிறது. சில இடங்களில் கோடைகால ஜியாமெட்ரி வகுப்பும் இருக்கிறது. உங்கள் மகள் செல்லவிருக்கும் உயர்நிலைப் பள்ளியில் இவற்றுள் எது உண்டு என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். கையெழுத்திடக் கொடுத்திருக்கும் கெடுவுக்கு முன் அந்தப் பதில் உங்கள் கையில் இருந்தால், இரண்டு பாதைகளையும் அவளோடு அமர்ந்து நிதானமாக ஒப்பிட முடியும்.